மந்திரம் மங்கும் உலகங்கள்: எம்.ஏ. தேர்வுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. ஆங்கிலத்தில் ஃபேன்டசி இலக்கியத்தை, அதாவது மாயக் கற்பனைக் கதைகளை, விருப்பப் பாடமாக எடுக்கிறவர்கள், "கதைதானே, படித்துவிடலாம்" என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள். கும்பகோணத்தில் என்னுடன் படித்தவர்களும் அப்படித்தான். மந்திரம் மங்குவதையும் நாகரிகங்கள் வீழ்வதையும் பற்றிக் கட்டுரை வினா வரும்போதுதான் திண்டாட்டம். கதைச் சுருக்கம் எழுதினால் பக்கம் நிரம்பும், மதிப்பெண் வராது.

ஒவ்வொரு நூலிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். மந்திரம் எதனால் போகிறது? அது போகும்போது அரசும் ஊரும் கூடவே சரிகின்றனவா? இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. இரண்டும் ஒன்று என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். தீய சக்தி வாய்ந்த ஒற்றை மோதிரம் அழிந்ததும், சாவில்லாத இனமான எல்ஃபுகளின் மூன்று மந்திர மோதிரங்களும் வலுவிழக்கின்றன. அவற்றை நம்பியிருந்த எல்ஃபுகளின் காட்டு நாடான லோத்லோரியன் மங்குகிறது, எல்ஃபுகள் கப்பலேறுகிறார்கள். ஆனால் பல நூற்றாண்டுகளாக அரசன் இல்லாமல் தேய்ந்து கிடந்த மனித நாடான கோண்டோருக்கு அப்போதுதான் அரசன் திரும்புகிறான். மந்திரம் போகிறது, மனித அரசு நிமிர்கிறது. உர்சுலா லெகுவினின் 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' (1972) நாவலில் அப்படி இல்லை. சாவை வெல்ல நினைத்த ஒருவன் வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே திறந்துவிட்ட ஓட்டை வழியே எல்லாம் வடிகிறது. மந்திரவாதிகள் சொற்களை மறக்கிறார்கள். பட்டுக்குப் பேர்போன லோர்பனெரி தீவில் சாயம் போடும் கலையே கெட்டுப்போகிறது. திருபுவனத்துத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பகுதி மறக்காது. கட்டுரையில் அதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள். மந்திரத்தோடு கைத்தொழிலும் சேர்ந்து சாவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

லாரி நிவென் 1969இல் எழுதிய சிறுகதையில் மந்திரம் என்பது தீர்ந்துபோகும் சரக்கு. ஓரிடத்தில் இருப்பதைச் செலவழித்துவிட்டால் அங்கே மறுபடி ஊறாது. வளம் குறைவது பற்றிய வினாவுக்கு இது போதும்.

அப்புறம், நம் ஊர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைத் தைரியமாகச் சேர்க்கலாம். மணிமேகலை காப்பியத்தில் மகனை இழந்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. பூம்புகார் கடற்கரைக்குப் போகிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். சரி, அதோடு நிறுத்திவிடாதீர்கள். நகரம் போன பிறகும் அமுதசுரபி வற்றவில்லை, காஞ்சியில் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு அது சோறு போடுகிறது. ஊர் அழிகிறது, அற்புதம் நிற்கிறது. டோல்கீனுக்கு நேர் எதிர். இந்த ஒப்பீட்டை முடிவுரைக்குள் திணிக்காமல் கட்டுரையின் நடுவிலேயே வையுங்கள். புராணக் காப்பியத்தை நவீன ஃபேன்டசியோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்.

1997இல் வந்த ஃபேன்டசி கலைக்களஞ்சியத்தில் ஜான் க்ளூட் இந்த மங்கலுக்கு 'தின்னிங்' (thinning, மெலிதல்) என்று பெயர் வைத்தார். முன்னுரையில் அதற்கு ஒரு வரி போதும். உலகம் மாயம் இழப்பதைப் பேசிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபரையும் ரோமின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றாசிரியர் கிப்பனையும் இழுத்து வந்து இரண்டு பக்கம் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், நேரம்தான் போகும். அதைவிட லோத்லோரியன், லோர்பனெரி மாதிரிப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாள் ராத்திரி எழுதிப் பார்த்துவிடுங்கள்.