அம்மாயி உண்டியல்ல கிடைச்ச 1 ரூபா காயின்

செவ்வாய்ப்பேட்டை வீட்ட காலி பண்றப்ப அம்மாயியோட மண் உண்டியல் கிடைச்சுச்சு, உடைச்சா பூரா 80கள்ல வந்த அந்த கனமான 1 ரூபா காயின். ஒண்ணு 6 கிராம், முக்காவாசி செம்பு, மீதி நிக்கல். செம்பு கிலோ 500 ரூபான்னு கம்மியா போட்டாலும் அதுல இருக்க 4.5 கிராமுக்கே 2 ரூபாய்க்கு மேல வருது, நிக்கல் தனி!! அப்புறம் ஸ்டீலுக்கு மாத்தி, 2011ல அதையும் 3.79 கிராமா இளைக்க வச்சுட்டாங்க. (காயினுக்கான ஸ்டீல் வில்லை வெட்டுற மிஷின் நம்ம சேலம் ஸ்டீல் பிளான்ட்லயே இருக்கு, எத்தன பேருக்கு தெரியும்?) மச்சான் உருக்கிடலாமாங்கறான். நாணயச் சட்டப்படி 7 வருஷம் வரைக்கும் உள்ள இருக்கணும்டா, நீ உருக்கு நான் ஜாமீன் எடுக்கறேன்னுட்டு எல்லாத்தையும் அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சுட்டேன்.