ஓர் ஒற்றும் 63 பதிப்புகளும்

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் ஓர் இணையதளம் உண்டு. அதை அமைத்துக் கொடுத்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, அதில் எது நடந்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். பள்ளியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்ட இருவரும் என்னைவிட மூத்தவர்கள், இருவர் வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் செயலாளர் அண்ணன் அழைத்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகச் சொல்பவர். அன்றும் நிதானமாகவே, “தம்பி, ஆண்டு விழாப் பக்கத்தில் சாம்பார் சாதம் வந்திருக்கிறது” என்றார்.

திறந்து பார்த்தேன். அழைப்பு, நிகழ்ச்சி நிரல், கட்டண விவரம், வங்கிக் கணக்கு எண் எதுவும் இல்லை. அவை இருந்த இடத்தில் சமையல்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் நின்றது: சாம்பார் சாதம் 200 பேருக்கு, தயிர் சாதம் 200 பேருக்கு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், கடைசியில் ‘கேஸ் சிலிண்டர் உங்கள் பொறுப்பு’. ‘மதிய உணவு உண்டு’ என்று ஒரு வரி சேர்க்கப் போன அண்ணன், பக்கம் முழுவதும் தேர்வாகி நீலமாகக் கிடந்ததைக் கவனிக்காமல், கடைசியாக நகலெடுத்தது எதுவோ அதை அதன்மேல் ஒட்டி, அப்டேட் பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். முகப்புப் படத்தையும் மாற்றியிருந்தார். தலைமையாசிரியரை நடுவில் வைத்து எடுத்த பழைய குழுப்படம் போய், வாழையிலைச் சாப்பாடு ஒன்று பளபளத்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குச் சொன்னேன். 2008இல் வந்த 2.6 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ், நாம் அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் பக்கத்தின் ஒரு நகலைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. மாறிய எழுத்தை மட்டும் குறித்து வைப்பதில்லை; ஒரு கால்புள்ளியை நீக்கினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி பிரதியெடுத்துத் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாகச் சேர்க்கும். நாமாக வரம்பு வைக்காத வரையில் எத்தனை நகல் என்ற கணக்கும் இல்லை. இதனால் தரவுத்தளம் பெருத்துவிடும், தளத்தின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதி ஐந்தோடு நிறுத்திவிடுங்கள் என்று நண்பர் ஒருவர் பலமுறை சொல்லியிருந்தார். சோம்பலால் நான் செய்யவில்லை. என் சோம்பல் ஊருக்கு உதவியது அந்த ஒருமுறைதான்.

திருத்தங்களின் பட்டியலைத் திறந்தபோது 63 பதிப்புகள் இருந்தன. கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவர் நிற்பதைப் போல, வரிசையாக, ஒவ்வொன்றும் தனக்கெனப் பெயரும் நேரமும் தாங்கி நின்றன. ஒரு விழா அறிவிப்புக்கு எதற்கு இத்தனை என்று, மேலே இருந்த பட்டையை நகர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடப்பக்கம் பழையது, சிவப்பு. வலப்பக்கம் புதியது, பச்சை. அதிகாலை 4.35: ‘பதிவு கட்டணம்’ என்பது ‘பதிவுக் கட்டணம்’ ஆகிறது, செய்தவர் துணைத் தலைவர். இரவு 11.10: ‘பதிவுக் கட்டணம்’ மறுபடியும் ‘பதிவு கட்டணம்’, செய்தவர் செயலாளர். மறுநாள் அதிகாலை 4.40: ‘க்’ திரும்புகிறது. இரவு: போகிறது. ஏறத்தாழ ஒரு மாதம், ஒருநாள் விடாமல், அந்த ஒற்றை எழுத்து வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. அதற்காக ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சி நிரலும் வங்கிக் கணக்கும் முழுமையாக நகலெடுக்கப்பட்டிருக்கின்றன.

துணைத் தலைவர் எங்கள் பள்ளியிலேயே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் எங்களுக்குத் தமிழய்யா. ஒரே பக்கத்தை இருவர் ஒரே சமயத்தில் திறந்தால், இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வேர்ட்பிரஸ் எச்சரிக்கும். ஆனால் ஐயா விழிக்கும் வேளையில் அண்ணன் உறங்கிக்கொண்டிருப்பார், அண்ணன் உட்காரும் வேளையில் ஐயா உறங்கிவிடுவார். ஆகையால் அந்த எச்சரிக்கை ஒருநாளும் தோன்றவில்லை.

அப்போதுதான் எனக்குப் பழைய இரண்டு பேச்சுகள் நினைவுக்கு வந்தன. “பக்கத்தில் தானாக ஒரு ‘க்’ முளைக்கிறது தம்பி, வைரஸாக இருக்குமோ?” என்று அண்ணன் ஒருமுறை கேட்டிருந்தார். ஐயாவோ, “வெள்ளைக்காரன் செய்த கருவிக்கு ஒற்று பிடிக்கவில்லையப்பா, தின்றுவிடுகிறது” என்று வருந்தியிருந்தார். (2003இல் வேர்ட்பிரஸைத் தொடங்கிய இருவரில் மைக் லிட்டில் இங்கிலாந்துக்காரர் என்பது உண்மையே, என்றாலும் ஒற்று விஷயத்தில் அவர் நிரபராதி.)

இதைப் படித்துச் சிரிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விட்டதால், அவசரமாகப் பட்டியலில் சாம்பார் சாதத்துக்கு நேர் முன்பிருந்த பதிப்பைத் தேர்ந்தெடுத்து, மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினேன். எழுத்துகள் அனைத்தும் ஒரு நொடியில் திரும்பின. வாழையிலை மட்டும் அசையவில்லை. திருத்தங்கள் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் நினைவில் வைக்குமே தவிர, முகப்புப் படத்தை வைக்காது. நல்லவேளையாக அண்ணன் குழுப்படத்தை ஊடகத் தொகுப்பிலிருந்து அழித்திருக்கவில்லை. பக்கத்தை நீக்கினால் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். படத்தை அழித்தால் அந்தச் சலுகை வழக்கமாக இல்லை. தலைமையாசிரியரைத் தேடி எடுத்து மறுபடி அமர்த்தினேன்.

அண்ணனுக்குத் தகவல் சொன்னால், “இன்னும் சாம்பார் சாதமே இருக்கிறதே” என்றார். பக்கம் வேகமாகத் திறக்க அதன் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் பிளகின் என்ற துணை நிரல், பழைய நகலையே அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தது. அதைக் காலி செய்த பிறகே அவர் உறங்கச் சென்றார்.

அத்துடன் நானும் உறங்கியிருக்கலாம். பொறுப்புணர்ச்சி மிகுந்துபோய், இனிமேல் பக்கத்தில் ஏதேனும் மாறினால் யார் மாற்றியது என்று அறியும் வழியை, எந்த இடத்தில் சொடுக்க வேண்டும் என்பது உட்பட, நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குழுவில் விளக்கமாக எழுதினேன். இருவரும் தாமே உண்மையைக் கண்டுபிடித்துத் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது என் ராஜதந்திரம்.

ஞாயிறு காலை 4.50க்குக் கைப்பேசி அடித்தது. தமிழய்யா. நான் எழுதியிருந்தபடியே ஒரு படிகூடத் தவறாமல் செய்திருந்தார். நான் மறந்தது இரண்டு. மீட்டெடுப்பதும் ஒரு புதிய பதிப்பாகவே, மீட்டெடுத்தவர் பெயரில் பட்டியலின் கடைசியில் பதிவாகும். திரையைத் திறந்ததும் முதலில் தெரிவதும் அதுதான். அடுத்தது, பட்டியலை ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் அண்ணன் தம் அன்றாடக் கடமையை முடித்திருந்தார். ஆகவே ஐயாவின் திரையில் பச்சை நிறத்தில், ஒற்று இல்லாத ‘பதிவு கட்டணம்’. அதற்கு மேல் என் பெயர், என் படம்.

“ஒரு மாதமாக அந்தக் ‘க்’கை எடுத்தது நீதானா?” என்றார்.

“ஐயா, அது வந்து…”

“உனக்குப் பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தியது யார்?”

“நீங்கள்தான் ஐயா.”