ஊசி போடுவதற்கு முந்தைய பத்து நிமிடம்

நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன் என்று சொன்னால், எக்ஸ்ரே எடுப்பவர் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது. இயந்திரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். எங்கள் பிரிவில் கதிரியக்க மருந்தை நோயாளியின் ரத்தத்தில் செலுத்துகிறோம். அதன்பின் கதிர் அவர் உடலிலிருந்துதான் வெளிவருகிறது. காமா கேமரா அதை வாங்கிப் படமாக்குகிறதே தவிர, தானாக எதையும் பாய்ச்சுவதில்லை. எனவே ஊசி போட்டு முடித்த நொடியிலிருந்து, தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட அவர் பக்கத்தில் நிற்காமல் இருப்பது எங்கள் தொழிலின் அடிப்படைப் பயிற்சியாகிவிடுகிறது. நோயாளிக்கோ அப்போதுதான் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வேலை நடக்கிறது.

காலை வேலை, கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் அறையான ஹாட் லேபில் தொடங்கும். ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டரில் (மின்சார ஜெனரேட்டர் அல்ல, மருந்துக்கான கதிரியக்கப் பொருளைத் தரும் சிறு கலம்) மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆக மாறிக்கொண்டே இருக்கும். அதன் வழியே உப்புநீரைச் செலுத்தினால், டெக்னீசியம் மட்டும் கரைந்து குப்பியில் வந்து சேரும். மாலிப்டினம் கூடவே கசிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே அந்தக் குப்பி நோயாளிகளுக்குப் போகும். மாலிப்டினத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 66 மணி; டெக்னீசியத்துடையது வெறும் 6 மணி நேரம். காலை 9 மணிக்கு 20 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளந்து வைத்த சிரிஞ்சில் மாலை 3 மணிக்கு 10தான் இருக்கும். பஞ்சகாலத்துக்கென்று வாங்கி அடுக்கிவைக்க முடியாத சரக்கு இது. மாலிப்டினம் தயாரித்துவந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலை 2009 மே மாதம் நின்றபோது உலகின் பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போனதற்கு இதுதான் காரணம்.

எலும்பு ஸ்கேனுக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள்; நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அனுப்பப்படுகிறார்கள். நான் முதலில் ஊசியைத் தொடுவதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கர்ப்பமா, பால் குடிக்கும் குழந்தை இருக்கிறதா, அண்மையில் எங்காவது விழுந்து அடிபட்டதா, எந்த மூட்டில் வலி என்றெல்லாம் கேட்பேன். பழைய எலும்பு முறிவும் தேய்மானமும் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால், அடிபட்ட கதையைக் கேட்காமல் விட்டால் அறிக்கை எழுதும் மருத்துவர் தடுமாறுவார். ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், காத்திருப்போர் அறையின் கழிப்பறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். "பேரன் கூடவே வந்திருக்கான் தம்பி, மடியில வெச்சுக்கலாமா?" என்று கேட்கும் பாட்டிகள் உண்டு. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்மா, நாளைக்குத் தூக்கிக்கொஞ்சுங்க" என்பேன். 24 மணி நேரத்தில் டெக்னீசியம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறுநீரில் வெளியேறியது அதற்கு மேல்.

பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் கையில் கேனுலா என்ற மெல்லிய ஊசிக்குழாயைப் போட்டு, உப்புநீர் தடையின்றிப் போகிறதா என்று பார்ப்பது. மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் முழங்கையில் ஒரு கரும்புள்ளியாகத் தங்கிப் படத்தைக் கெடுக்கும். டங்ஸ்டன் உறைக்குள் சிரிஞ்சு கனமாக இருக்கும்; உறையிலுள்ள ஈயக் கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் உள்ளே இருக்கும் திரவம் தெரியும். கேனுலா சரியாக நின்றுவிட்டால் மருந்தைச் செலுத்தச் சில நொடிகள் போதும். அதன்பின் நான் நகர்ந்துவிடுவேன். ஒரு மீட்டர் தூரம் இரண்டானால் என்மேல் விழும் கதிர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும்.

பெட் (PET) ஸ்கேனில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. அதில் பயன்படும் ஃபுளூரின்-18 வெளிவிடும் கதிரின் ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எக்ஸ்ரே அறையில் அணியும் ஈய ஏப்ரன் அதன் முன்னால் அனேகமாகப் பயனற்றது. போதாக்குறைக்கு, மருந்து சர்க்கரை வடிவில் இருப்பதால், எந்தத் தசை வேலை செய்தாலும் அங்கே போய்ச் சேரும். அதிகம் பேசினால் தொண்டைத் தசைகள் படத்தில் தெரியும், குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு தெரியும். எனவே ஊசிக்குப் பின் சுமார் ஒரு மணி நேரம், மங்கிய வெளிச்சத்தில், போர்வைக்குள், பேசாமல், செல்போன் நோண்டாமல் படுத்திருக்கச் சொல்கிறோம். தன் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் இப்படிக் கேட்பது கொடுமைதான். கண்காணிப்புக் கேமராவில் பார்த்துக்கொண்டே, வேண்டுமானால் இன்டர்காமில் இரண்டு வார்த்தை பேசலாம். அதற்கு மேல் இல்லை.

ஒரு நாளில் இத்தனை ஸ்கேன் முடித்தாக வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கும்போது, முதலில் வெட்டுப்படுவது ஊசிக்கு முந்தைய இந்தப் பத்து நிமிடம்தான். அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இருக்காது. இதைக் கரிசனம் என்றோ உபசாரம் என்றோ பார்ப்பதுதான் தவறு; அது கதிர்ப் பாதுகாப்பின் ஒரு பகுதி. விவரம் புரியாத நோயாளி ஊசிக்குப் பிறகு நான்கு முறை கூப்பிடுவார், நான்கு முறையும் யாராவது அருகில் போய்த்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கு எங்கள்மேல் விழும் கதிரைப் பதிவுசெய்ய சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.எல்.டி. பட்டையில் ஏறும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களுக்கு விதித்திருக்கும் வரம்பு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு). ஒழுங்காக நடக்கும் பிரிவில் யாரும் அதன் அருகில்கூடப் போக மாட்டார்கள். ஒழுங்கு என்பதில் இந்தப் பேச்சும் சேர்த்தி.

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுக்கும் வார்டில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். 30 மில்லிக்யூரிக்கு மேல் கொடுத்தால் நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டும். அங்குள்ள கழிவுநீர் தனித் தொட்டிகளில் தேங்கி, கதிர் அடங்கிய பிறகே வெளியேறும். சாப்பாட்டுத் தட்டு வாசலோடு நிற்கும். வியர்வை பட்டுப் பொருள்கள் மாசுபடும் என்பதால் செல்போனைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுப்போம். வீட்டுக்குப் போனதும் எத்தனை நாள் தனியே படுக்க வேண்டும், குழந்தைகளை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதையெல்லாம், மாத்திரை கைக்கு வருமுன் வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவோம். வெளியேறும் நாளில் ஒரு மீட்டர் தள்ளி நின்று கதிர் அளக்கும் கருவியைப் பிடித்து அளந்து, வரம்புக்குள் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் மீதமிருக்கும் வேலை.