பரிதி இளம்வழுதி: அலைக்கு எதிரே ஜெயித்தவர்

எழும்பூர் தொகுதியில் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி அரசியல் பேசினால், எப்படியும் பரிதி இளம்வழுதியில் வந்து நிற்கும். "ஆறு தடவை எம்.எல்.ஏ." என்று ஒருவர் ஆரம்பிப்பார். "கட்சி மாறிக் கெட்டுப்போனார்" என்று இன்னொருவர் முடிப்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் நின்ற தேர்தல்களை வரிசையாக எழுதிப் பக்கத்தில் மாநிலத்தில் யார் ஜெயித்தார்கள் என்றும் எழுதிப் பார்த்தால், இந்த இரண்டிலும் அடங்காத ஒரு சங்கதி தெரிகிறது. மாநிலமே தி.மு.க.வைக் கைவிட்ட மூன்று தேர்தல்களில் இந்த மனிதர் அதே தி.மு.க. சின்னத்தில் ஜெயித்திருக்கிறார்.

முதல் தடவை 1984, பெரம்பூர். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் படுத்திருக்கிறார், இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதற்குமேல் ஒரு எதிர்க்கட்சிக்கு என்ன கெட்ட நேரம் வேண்டும்? தி.மு.க.வுக்கு மொத்தம் 24 இடம். அந்த 24 பேரில் ஒருவராக, இருபத்தைந்து வயதில், பரிதி சட்டமன்றத்துக்குள் போனார். எதிரே நின்றவர் சத்தியவாணி முத்து. அண்ணா காலத்து அமைச்சர், பெரம்பூருக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. அப்படிப்பட்டவரை ஒரு சின்னப் பையன் தோற்கடித்தான் என்றுதான் அன்று ஊர் பேசியது.

1989-இல் எழும்பூருக்கு வந்தார். ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று அ.தி.மு.க. உடைந்து கிடந்த நேரம். அதில் ஜெயித்ததைப் பெரிய சாதனையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 1996-ஐயும் அப்படியே. அந்த வருடம் தி.மு.க., த.மா.கா. கூட்டணியில் யாரை நிறுத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்; ஜெயலலிதாவே பர்கூரில் தோற்ற தேர்தல் அது. 2006-இலும் அமைதியாக ஜெயித்து, செய்தித் துறை அமைச்சர் ஆனார்.

1991-தான் ஆளை எடைபோட வேண்டிய தேர்தல். ஜனவரி 30-இல் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூனில் வாக்குப்பதிவு. அந்தச் சில வாரங்கள் உதயசூரியன் கொடியை வீட்டு வாசலில் கட்டவே கட்சிக்காரர்கள் யோசித்தார்கள். முடிவு வந்தபோது 234-இல் தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு. துறைமுகத்தில் கருணாநிதி, அதுவும் வெறும் 890 ஓட்டில். இன்னொன்று எழும்பூரில் பரிதி. தோல்விக்குப் பொறுப்பேற்று கருணாநிதி உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்துவிட, சபைக்குள் தி.மு.க. என்றால் அந்த முப்பத்தொரு வயதுக்காரர் ஒருவர்தான் என்று ஆனது.

ஒற்றை ஆளாகச் சட்டமன்றத்தில் உட்கார்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பேசும் நேரம் கட்சியின் பலத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைத்துவிடும்? எழுந்து ஏதாவது கேட்டால் எதிரே 164 அ.தி.மு.க. உறுப்பினர்கள். காங்கிரஸ் அந்த அணியிலேயே நின்று ஜெயித்து, பிறகு பிரதான எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தது தனிக் கூத்து. சபாநாயகர் சேடப்பட்டி முத்தையா. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று கத்துவதற்குக் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும். பரிதிக்கு அது தாராளமாகவே இருந்தது. அதே ஆளை 1996-இல் துணை சபாநாயகர் நாற்காலியில் உட்கார வைத்ததில் கருணாநிதிக்கு ஒரு குறும்பு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஐந்து வருடம் கத்தியவர், இப்போது கத்துபவர்களை உட்காரச் சொல்ல வேண்டும்!

கருணாநிதி அவரை அபிமன்யு என்று புகழ்ந்ததைக் கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடித்ததில்லை. அபிமன்யுவைத் தனியாக உள்ளே அனுப்பியது யார் என்ற கேள்வியும் கூடவே வருமல்லவா?

சரி, 2001. மறுபடி ஜெயலலிதா அலை, தி.மு.க.வுக்கு 31 இடம்தான். எழும்பூரில் அ.தி.மு.க. கூட்டணி சார்பில் ஜான் பாண்டியன் நின்றார். பரிதி ஜெயித்தது 86 ஓட்டில். எங்கள் தொகுதியில் நூறுக்கு மேல் வாக்குச்சாவடி உண்டு. சாவடிக்கு ஒரு ஓட்டுகூட முழுசாக வராது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு தெரு ஆட்கள் திரும்பி வந்திருந்தால் கதையே மாறியிருக்கும்.

இந்த மாதிரி சின்ன வித்தியாசம் எண்ணும் அறைக்குள் எப்படி இருக்கும் என்பது வெளியே நிற்பவர்களுக்குப் புரியாது. அரசு வேலையில் இருந்தபோது 2011-இல் எனக்கு எண்ணும் பணி போட்டார்கள், எழும்பூர் இல்லை, வேறு தொகுதி. ஒரு சுற்றுக்குப் பதினான்கு மேஜை. இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததும் முத்திரை எண்ணை வேட்பாளர்களின் ஏஜெண்டுகளிடம் காட்ட வேண்டும். அவர்கள் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். ரிசல்ட் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எண் மாறி மாறி வரும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "சார், இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்காத ஏஜெண்டே கிடையாது. மொத்த எண்ணிக்கை, சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்து. ஆயிரக்கணக்கில் முன்னிலை என்றால் நாலாவது சுற்றிலேயே பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நூறு, இருநூறில் ஊசலாடினால் ஒருவரும் நகர மாட்டார்கள், சிறுநீர் கழிக்கக்கூட. கடைசிச் சுற்று முடிந்ததும் மறு எண்ணிக்கை கேட்டு மனு எழுத ஒரு வக்கீல் தயாராக நிற்பார். முடிவை அறிவித்துவிட்டால் அப்புறம் கோர்ட்டுதான் வழி, அதனால் அவ்வளவு அவசரம்.

அதே 2011, மே 13. எழும்பூரில் அன்று ஊசலாடியது பரிதியின் எண்ணிக்கைதான். தே.மு.தி.க.வின் நல்லதம்பி 202 ஓட்டில் ஜெயித்தார். ஐந்து வருடம் அமைச்சராக இருந்தவரை, முரசு சின்னத்தில் நின்ற புதுமுகம் வீழ்த்திவிட்டார். தொகுதி மறுசீரமைப்பில் பார்க் டவுன், புரசைவாக்கம் தொகுதிகள் இல்லாமல் போய், அக்கம்பக்கத் தொகுதிகளின் எல்லைகள் எல்லாம் மாறியிருந்தன. "பழைய எழும்பூராக இருந்திருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பார்" என்று தி.மு.க. நண்பர் ஒருவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் தி.மு.க.வே 23 இடத்துக்கு இறங்கி, எதிர்க்கட்சி அந்தஸ்தைக்கூட தே.மு.தி.க.விடம் விட்ட தேர்தல் அது. அந்த வெள்ளத்தில் 202 ஓட்டு வரை நெருங்கி வந்ததே பெரிய விஷயம் என்பேன்.

என் கணக்கில் இதைத் தோல்வி என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது. உண்மையான தோல்வி 2016-இல்தான் வந்தது. கட்சிக்குள் மனக்கசப்பு முற்றி, 2013-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்துவிட்டார். 2016-இல் அதே எழும்பூரில், இரட்டை இலையில், ஜெயலலிதா படத்துக்குக் கீழே ஓட்டுக் கேட்டார். எந்தத் தலைமையை எதிர்த்துச் சபையில் தனியாக எழுந்து நின்றாரோ, அதே தலைமைக்கு! கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது, சிலருக்குக் கோபம். எனக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தி.மு.க.வின் கே.எஸ்.ரவிச்சந்திரன் ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில் சுலபமாக ஜெயித்தார். மாநிலத்தில் ஆட்சியைத் தக்கவைத்தது அ.தி.மு.க.

அதாவது, தன் கட்சி மாநிலம் பூராவும் மண்ணைக் கவ்விய மூன்று தேர்தல்களில் ஜெயித்தவர், தான் போய்ச் சேர்ந்த கட்சி ஆட்சியைப் பிடித்த தேர்தலில் தோற்றார். சென்னை அந்த வருடம் 2015 வெள்ளத்தின் கோபத்தில் பெரும்பாலும் தி.மு.க. பக்கம் போனது என்ற சமாதானம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொந்த செல்வாக்கு என்று இத்தனை வருடம் நாம் பேசியது, உதயசூரியனோடு சேர்ந்த பரிதிக்குத்தான் இருந்தது. 1991-இல் சின்னம் மட்டும் இருந்த மற்றவர்கள் எல்லாம் தோற்றார்கள், 2016-இல் ஆள் மட்டும் இருந்து சின்னம் இல்லாமல் இவர் தோற்றார். எழும்பூர் வாக்காளர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார்கள் போலிருக்கிறது.

ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. சிதறியபோது, கடைசியில் தினகரனின் அ.ம.மு.க. பக்கம் போனார். 2018 அக்டோபர் 13 அன்று இறந்தபோது வயது 58. அரசியலில் அது நடுவயது. அவரோடு சபையில் இருந்த பலர் அதற்கப்புறமும் இரண்டு தேர்தல் பார்த்துவிட்டார்கள்.