பில் வேண்டுமா, வேண்டாமா?

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஓதம் ஏறி, பூச்சு உப்பி உதிர ஆரம்பித்து இரண்டு வருடமாகிவிட்டது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டோம். கடைசியில் ஆளைக் கூப்பிட்டால், சுவரைப் பார்த்ததும் அவர் கேட்டது: "பில் வேணுமாங்க, வேண்டாமா? வேண்டாம்னா குறைச்சுக்கலாம்."

தள்ளிப் போடுவது, பில் இல்லாமல் முடிப்பது, இந்த இரண்டையும் ஒரே சலுகையால் மாற்ற முடியும் என்றால் நம்புவீர்களா? வீட்டு மராமத்துக்கு வரிச்சலுகை கொடுத்த நாடுகளைப் பற்றிப் படித்தபிறகு நான் நம்புகிறேன்.

2009-இல் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது கனடா இதைத்தான் செய்தது. ஜனவரி 27-க்குப் பிறகு, அடுத்த வருடம் பிப்ரவரி 1-க்கு முன் செய்த வேலைகளுக்கு மட்டும் சலுகை. செலவில் முதல் 1,000 டாலருக்கு ஒன்றும் கிடையாது, அதற்கு மேல், மொத்தச் செலவு 10,000 ஆகும் வரைக்கும் 15 சதவீதம் வரியில் கழியும், ஆக அதிகபட்சம் 1,350 டாலர். கூரை மாற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம், புல்தரைகூடப் பதிக்கலாம். சோபா, ஃபிரிட்ஜ் வாங்கினால் கிடையாது. எனக்குப் பிடித்தது அந்தக் கெடு தேதிதான். எப்போதோ செய்யப்போகிற வேலையை இப்போதே செய்ய வைக்கிறது, அதுவும் கொத்தனாரும் தச்சரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில். அடுத்த வருட வேலையைத்தானே இழுத்துவிட்டார்கள், அப்புறம் பள்ளம் விழாதா என்றால், ஓரளவு விழும்தான். ஆனால் கூலி இல்லாத மாதத்தில் வந்த வேலைக்கு மதிப்பே வேறு.

ஜெர்மனியில் கெடு எல்லாம் இல்லை, எப்போதும் உண்டு. கூலியில் மட்டும் 20 சதவீதம், வருடத்துக்கு 1,200 யூரோ வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், கையில் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. சுவீடனில் இன்னும் சுலபம், வேலை செய்தவரே பில்லில் கூலியின் ஒரு பகுதியைக் குறைத்துப் போட்டுவிட்டு அதை வரித்துறையிடம் வாங்கிக்கொள்கிறார். இப்படியிருந்தால் பில் கேட்பது வீட்டுக்காரருக்கே லாபம். கணக்கில் வராத கூலி கணக்கில் வருகிறது, கொடுத்த சலுகையில் ஒரு பங்கு வரியாகத் திரும்புகிறது.

சரி, அள்ளிக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. இத்தாலி 2020-இல் வீட்டில் எரிசக்தியை மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு 110 சதவீதம் கொடுத்தது, அதாவது செலவைவிட அதிகம். வரியில் கழித்துக்கொள்ளும் அந்த உரிமையை வங்கிக்கு விற்றுப் பணமாக்கவும் முடிந்தது. தன் கையிலிருந்து ஒரு காசு போகாதபோது யார் பேரம் பேசுவார்? விலை ஏறியது, மோசடிகள் நடந்தன, செலவு 10,000 கோடி யூரோவைத் தாண்டியது. 2023-இல் புதிதாக விற்பதற்குத் தடை போட்டார்கள். வீட்டுக்காரரும் பெரும்பங்கு போட வேண்டும், அப்போதுதான் "ஏன் இவ்வளவு?" என்று அவர் கேட்பார்.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. கனடாவின் சலுகை கட்ட வேண்டிய வரியில் மட்டும் கழிந்தது. வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவர் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவருக்கு ஒன்றும் வராது. வாடகைக்கு இருப்பவரும் அப்படித்தான், வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. இனி எந்த அரசு கொண்டுவந்தாலும், வரி இல்லாதவருக்கு அந்தத் தொகையைக் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் சுவருக்கு நான் பில் கேட்டேன். கூடுதலாகத்தான் ஆனது. இரண்டு மாதம் கழித்து ஒரு மூலையில் மறுபடி ஓதம் தெரிந்தபோது அந்தத் தாளைக் காட்டிக் கூப்பிட்டேன், வந்து மறுபடி கொத்திப் பூசிக் கொடுத்தார்.