தட்டில் ஜெயித்தது, பாலில் தோற்றது

உணவைக் கெடுக்கும் கிருமிகளைத் தாவரச் சேர்மங்களால் அடக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. கிராம்பின் யூஜெனால், இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைட், ஓரிகானோவின் கார்வக்ரால் என்று இவற்றோடுதான் என் பொழுது போகிறது.

புதிதாகச் சேரும் மாணவர்கள் முதலில் டிஸ்க் பரிசோதனை செய்வார்கள். அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) பாக்டீரியாவைப் பரப்பி, இந்தத் தாவரங்களின் எண்ணெயில் நனைத்த 6 மி.மீ. காகித வில்லையை வைத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விட்டால் மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். ஸ்கேலை வைத்து அளக்கும்போது அவர்களுக்கு வரும் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொள்ளும். ஆனால் அந்த வட்டத்தை மட்டும் நம்பி முடிவு எழுத விடமாட்டேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஈரமான அகாரில் சரியாகப் பரவாது. வட்டம் சிறிதாக இருப்பதாலேயே சேர்மம் பலவீனமானது என்றாகிவிடாது.

அடுத்தது 96 குழித் தட்டு. குழிக்குக் குழி சேர்மத்தின் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ரெசாசுரின் சாயம் விடுவோம். உயிரோடிருக்கும் செல்கள் அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். வரிசையாக நீலம், பிறகு ஒரு குழியில் சட்டென்று இளஞ்சிவப்பு. நீலமாகவே நின்ற கடைசிக் குழியின் செறிவுதான் எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் திரவத்தில், உணவின் மூலம் நோய் பரப்பும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை அடக்கிய அதே அளவு கார்வக்ராலைக் கொழுப்பு நீக்காத பாலில் விட்டால், கிருமி பாட்டுக்கு வளர்கிறது. காரணம் புரியாததல்ல. கார்வக்ரால் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்து, உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் கசியவிட்டுக் கொல்லும். பாலிலோ அது கொழுப்புத் துளிகளுக்குள் போய் ஒதுங்கிவிடுகிறது, கிருமி நீர்ப்பகுதியில் இருக்கிறது. புரதமும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்கிறது. குளிர்பதனப் பெட்டியிலும் லிஸ்டீரியா வளரும் என்பதால் குளிரை நம்பியும் இருந்துவிட முடியாது.

அளவைக் கூட்டினால் என்ன? கூட்டலாம், வாயில் வைக்க முடியாது. சுவைக் குழுவில் ஒருவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். எந்தப் புள்ளியியலும் அதைவிடத் தெளிவாகப் பேசாது.

எனக்கு நம்பிக்கை தருவது கூட்டு முயற்சிதான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நைசின் என்ற கிருமி எதிர்ப்புப் பொருளைக் கார்வக்ராலோடு சேர்த்தால், லிஸ்டீரியாவுக்கு எதிராக இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, இரண்டின் அளவையும் குறைக்கலாம். ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் (வெளியே இன்னொரு சவ்வும் கொண்ட) வகையிடம் இது அவ்வளவு எளிதில் பலிக்காது. அவற்றின் வெளிச்சவ்வு தடுத்துவிடும்.

அதனால் மாணவர்களின் அட்டவணையில் நான் முதலில் தேடுவது வட்டத்தின் விட்டத்தை அல்ல. எந்த உணவு, கொழுப்பு எத்தனை சதவீதம், எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் வைத்தார்கள் என்பதைத்தான். அந்தப் பத்திகள் காலியாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.