லைப்சிக்கின் காவல் வீடுகள்

ஆள் இல்லாத வீடு கூரையிலிருந்துதான் சாகத் தொடங்கும். ஓர் ஓடு நழுவினால் போதும். மழைநீர் மர உத்திரத்தில் இறங்கும், பூஞ்சை பிடிக்கும், சில குளிர்காலங்களில் மாடித்தளமே தொய்ந்துவிடும். கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் 2000 வாக்கில் சுமார் 60,000 குடியிருப்புகள் காலியாகக் கிடந்தன. 1989இல் 5.3 லட்சமாக இருந்த மக்கள்தொகை, பத்தே ஆண்டில் 4.4 லட்சத்துக்கும் கீழே போயிருந்தது.

2002இல் வந்த 'ஸ்டட்உம்பாவ் ஓஸ்ட்' திட்டம் காலி வீடுகளை இடிக்கப் பணம் கொடுத்தது. வாகன இரைச்சல் மிகுந்த பெரிய சாலைகளில் இருந்த நூறாண்டுப் பழைய வீடுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வாடகைக்கு எவரும் வரமாட்டார்கள், பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனமும் இருக்காது.

2004இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹால்டன்' சங்கம் அங்கேதான் நுழைந்தது. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு உரிமையாளர் வீட்டைச் சங்கத்திடம் ஒப்படைப்பார். சங்கம் அறைகளைக் கலைஞர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். கூரை ஒழுகலை அடைப்பதும் தண்ணீர், மின் இணைப்புகளைச் சரிசெய்வதும் உரிமையாளர் பொறுப்பு. உள்ளே பூச்சு, தரை, வண்ணம் எல்லாம் குடியேறுபவர்களின் உழைப்பு. வாடகை கிடையாது; பராமரிப்புச் செலவும் சங்கத்துக்கு ஒரு சிறு தொகையும் மட்டும். ஆள் நடமாடினாலே ஒழுகல் அன்றே கண்ணில் படும், ஜன்னலை உடைப்பவர்களும் வரமாட்டார்கள். அதனால்தான் இவற்றுக்குக் 'காவல் வீடு' என்று பெயர். இந்தக் கணக்கு அருமையானது.

ஆனால் கையெழுத்தாவது வாடகை ஒப்பந்தம் அல்ல, 'கெஷ்டாட்டுங்' என்னும் வெறும் அனுமதி. வாடகைதாரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இதில் இல்லை. ஊர் தேய்ந்துகொண்டே இருந்தவரை அது யாரையும் உறுத்தவில்லை. பிறகு லைப்சிக் மீண்டும் வளர்ந்து 6 லட்சத்தைத் தாண்டியது. கலைஞர்கள் உயிர்கொடுத்த வீடு நல்ல விலைக்குப் போனது, அவர்கள் வெளியேறினார்கள். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

2020இல் நகராட்சி லிண்டனாவ் உள்ளிட்ட பகுதிகளில் குடியிருப்போரைக் காக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. ஆடம்பரப் புதுப்பிப்புக்கு அது கடிவாளம் போடும். ஆனால் அது காப்பது குடியிருப்பைத்தான். ஓவியர் தனியாக எடுத்திருக்கும் ஸ்டூடியோவை அல்ல.

ஆகவே வெளியேறும் தேதி வருமுன், வீட்டை வாங்குவது பற்றி முதல் ஆண்டிலேயே உரிமையாளரிடம் பேச வேண்டும். இடிபாடாக இருக்கும்போதுதான் விலை குறைவு. வீடுகள் மறுபடி விற்பனைக்குப் போகாமல் காக்கும் ஜெர்மன் கூட்டமைப்பான 'மீட்ஸ்ஹொய்சர் சிண்டிகாட்' வழியில், குடியிருப்போர் சங்கமும் சிண்டிகாட்டும் பங்குதாரர்களாக உள்ள ஒரு நிறுவனம் வீட்டை வாங்கும். நண்பர்கள் தரும் நேரடிக் கடனைக் காட்டினால்தான் மீதிக்கு வங்கி இறங்கிவரும். பின்னாளில் யாராவது விற்க முனைந்தால், சிண்டிகாட்டின் சம்மதம் இல்லாமல் வீடு கைமாறாது.